ஏஜெண்ட்கிட்ட கொடுக்கும் காசு என்ன வேலை செய்கிறது? அம்பர்நாத்திலிருந்து பார்த்தால் லஞ்ச ஆய்வுகள் சொல்வது

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்ததும் மும்பைப் பெருநகரம் முழுக்க ஒரே ஓட்டம்தான். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று. அம்பர்நாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இதில் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு: இணையப் படிவம் மராத்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும், கேட்கும் காகிதத்தில் பாதி திருநெல்வேலியில் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். வேலைக்கு லீவு போட்டால் சம்பளம் போகும். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போன் நம்பர் கொடுப்பார். "இவர்கிட்ட கொடுத்துடுங்க, எல்லாம் முடிச்சுக் கொடுப்பார்."

கொடுக்கிறோம். அதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. 'சர்வீஸ் சார்ஜ்', 'சாய்-பானி', 'செட்டிங்'. அதிகாரியின் முகத்தைக்கூட பார்க்கவில்லை, அவர் கையில் நாம் எதுவும் வைக்கவில்லை, அப்புறம் எப்படி அது லஞ்சம்?

அந்தக் காசு என்ன வேலை செய்கிறது, யாருக்குப் போகிறது, கொடுக்காமலே வேலை முடியுமா என்பதையெல்லாம் கடந்த நாற்பது வருடங்களில் சிலர் உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறார்கள். பெங்களூருவில், டெல்லியில், தென்னிந்தியக் கால்வாய்க் கரையில், இந்தோனேசியாவில். அவர்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் சாமுவேல் பால்.

சாமுவேல் பால் கேட்ட கேள்வி

ஆமதாபாத் ஐஐஎம்-மின் இயக்குநராக இருந்தவர், உலக வங்கியில் ஆலோசகராக வேலை பார்த்தவர். 1992-ல் 'வேர்ல்ட் டெவலப்மெண்ட்' என்ற ஆய்விதழில் பொதுச் சேவைகளின் பொறுப்புடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் மூன்று சொற்களில் அடங்கிவிடும்: வெளியேறுதல், குரல், கட்டுப்பாடு. முதல் இரண்டும் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகத்திலிருந்து எடுத்தவை.

உங்கள் மொபைல் கம்பெனி சரியில்லை என்றால் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்வீர்கள். அது வெளியேறுதல். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது, ட்வீட் போடுவது குரல். கம்பெனியின் மேலாளர் தன் ஊழியரைத் தட்டிக்கேட்பது கட்டுப்பாடு. எந்தச் சேவையாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது வேலை செய்தால்தான் அது ஒழுங்காக இருக்கும்.

அரசு அலுவலகத்தில் என்ன நடக்கிறது? வருமானச் சான்று தர அம்பர்நாத்துக்கு இரண்டாவது தாசில்தார் கிடையாது. வெளியேறும் வழி மூடியிருக்கிறது. மேலிருந்து வரும் கட்டுப்பாடு பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது குரல். அந்தக் குரலோ தனித்தனியாக, கவுண்டருக்கு ஒரு முணுமுணுப்பாகச் சிதறிக் கிடக்கிறது. அதை எண்ணிக்கையாக்கி, ஒன்றாகத் திரட்டி, அச்சில் போட்டால் என்ன ஆகும்? பாலின் கேள்வி அதுதான்.

1993-ல் பெங்களூருவில் சில நண்பர்களோடு தொடங்கினார். மக்களிடம் போய் எளிமையான கேள்விகள் கேட்டார்கள். இந்த அலுவலகத்துக்குப் போனீர்களா, எத்தனை முறை அலைந்தீர்கள், வேலை முடிந்ததா, காசு கொடுத்தீர்களா, எவ்வளவு? மின்சாரம், குடிநீர், மாநகராட்சி, தொலைபேசி, வீட்டுமனை என ஒவ்வொரு துறைக்கும் மதிப்பெண் போட்டார்கள். பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு மாதிரி. பத்திரிகைகள் அதை வெளியிட்டன. அடுத்த வருடம் இந்த வேலைக்காகவே பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற அமைப்பும் பிறந்தது.

முதல் கார்டில் அடிமட்டத்தில் இருந்தது பெங்களூரு வளர்ச்சி ஆணையம். சுவாரசியம் என்னவென்றால், "என்ன செய்யலாம்" என்று முதலில் இவர்களைத் தேடி வந்ததும் அதே ஆணையம்தான். தனி ஆளைக் குறை சொல்லாமல் அலுவலகத்துக்கு மார்க் போட்டதால் வந்த விளைவு இது என்பது என் கணிப்பு. ஒரு கிளர்க்கின் பெயரைப் போட்டிருந்தால் அவரை மாற்றிவிட்டு விஷயத்தை முடித்திருப்பார்கள்.

ஆனால் அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டாம். 1999-ல் இரண்டாவது கார்டு வந்தபோது முன்னேற்றம் சொற்பம்தான். 2003-ல் மூன்றாவது கார்டில்தான் பல துறைகளில் தெளிவான மாற்றம் தெரிந்தது. நடுவில் எஸ்.எம். கிருஷ்ணா முதல்வராகி, நந்தன் நீலேகனி தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்து, துறைகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொதுமேடையில் கணக்குச் சொல்லும்படி செய்திருந்தார். ரேங்க் கார்டு வந்தது மட்டும் போதாது. அதைக் கையில் வாங்கிப் படித்த ஒரு முதல்வரும், ஏறக்குறைய பத்து வருடப் பொறுமையும் தேவைப்பட்டன.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1997-ல் 'இந்தியாவில் ஊழல்' பற்றி வந்த முக்கியமான தொகுப்பு நூலைப் பாலோடு சேர்ந்து பதிப்பித்தவர் எஸ். குகன். தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி, பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொருளியலாளர். அரசாங்கத்தை உள்ளிருந்து பார்த்தவர் ஒருவரும் வெளியிலிருந்து அளந்தவர் ஒருவரும் சேர்ந்து செய்த புத்தகம் அது.

அம்பர்நாத்தில் யாரைக் கேட்பது?

இப்போது அந்த மூன்று சொற்களையும் எடுத்துக்கொண்டு சென்ட்ரல் லைனில் உல்லாஸ்நகர் தாண்டி இறங்குவோம்.

2011 கணக்கெடுப்பின்படியே இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அம்பர்நாத். மாநகராட்சி அல்ல, நகர் பரிஷத். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பரிஷத் அலுவலகத்துக்குப் போனால் பிரயோஜனமில்லை, குடிநீர் மகாராஷ்டிரா ஜீவன் பிராதிகரணின் பொறுப்பு. தொழிற்பேட்டைச் சாலை என்றால் எம்ஐடிசி. அங்கிருந்து வரும் நாற்றம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரண்ட் என்றால் மகாவிதரண். பெரிய திட்டம் என்றால் எம்எம்ஆர்டிஏ. ஆர்டினன்ஸ் ஃபேக்டரி பகுதி பாதுகாப்புத் துறை. ஸ்டேஷன் ரயில்வே. டிரைவிங் லைசென்ஸுக்குக் கல்யாண் ஆர்டிஓ. பொறுப்பு இத்தனை கூறாகப் பிரிந்து கிடக்கும்போது ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது ரொம்ப சுலபம். கைகாட்டப்பட்ட அத்தனை கதவையும் தட்டும் பொறுமை யாருக்கு இருக்கிறது? 'எந்தக் கதவு' என்று தெரிந்தவருக்கே அங்கே மதிப்பு. ஏஜெண்டின் முதல் மூலதனம் அந்தத் தகவல்தான்.

சரி, கவுன்சிலரைக் கேட்கலாமே? 2015-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2020-ல் முடிந்தது. முதலில் கோவிட், அடுத்து ஓபிசி இடஒதுக்கீடு வழக்கு என்று தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கெடு வைத்த பிறகுதான் மகாராஷ்டிராவில் உள்ளாட்சித் தேர்தல்கள் நகர்ந்தன. அம்பர்நாத்தில் ஓட்டுப் போட்டது அந்த ஆண்டு டிசம்பரில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் நிர்வாகி ஆட்சி. வார்டில் சாக்கடை அடைத்தால் வீட்டுக்கு வெளியே நின்று கூப்பிட ஒரு மக்கள் பிரதிநிதி கிடையாது. பால் சொன்ன 'குரல்', சட்டப்படியே அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

தேர்தல் முடிந்ததும் அம்பர்நாத் தேசியச் செய்தியானது. சாலைக்காகவோ தண்ணீருக்காகவோ அல்ல. ஷிண்டே சேனாவை ஒதுக்கிவிட்டு பாஜகவும் காங்கிரஸும் நகர மன்றத்தில் கைகோத்ததும், காங்கிரஸ் தன் கவுன்சிலர்களையே இடைநீக்கம் செய்ததும்தான் 2026 ஜனவரியில் டிவி விவாதம். ஐந்து வருட நிர்வாகி ஆட்சியில் என்ன செலவானது என்று கேட்ட விவாதம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பாலின் கட்டமைப்பில் இன்னொரு கூர்மையான விஷயம் இருக்கிறது, புது அபார்ட்மெண்ட்களில் குடியிருக்கும் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது. வெளியேற வழி இல்லை என்று மேலே சொன்னேன். பணம் இருந்தால் வழி உண்டு. தண்ணீர் வரவில்லையா? சொசைட்டி டேங்கர் வரவழைக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். அரசுப் பள்ளி சரியில்லை என்றால் தனியார் பள்ளி. சண்டை போடத் தெரிந்தவர்கள், மெயில் எழுதத் தெரிந்தவர்கள், சட்டம் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிவிட, அதே குழாயையே நம்பியிருக்கும் சாலி வீட்டுக்காரரின் குரல் மட்டும் அங்கே மிஞ்சுகிறது. ஏஜெண்டும் ஒரு டேங்கர்தான். காசு கொடுத்து வரிசையிலிருந்து வெளியேறுகிறோம். நாம் போன பிறகும் வரிசை அப்படியே நிற்கிறது.

ஏஜெண்ட் எதை விற்கிறார்?

இதை அளந்தவர்கள் மரியான் பெர்ட்ரண்ட், சிமியோன் ஜான்கோவ், ரேமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் என்ற நான்கு பொருளியலாளர்கள். 2007-ல் வெளியான டெல்லி டிரைவிங் லைசென்ஸ் ஆய்வு. லைசென்ஸ் எடுக்க விரும்பும் நூற்றுக்கணக்கானவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, சீக்கிரம் லைசென்ஸ் எடுத்தால் பரிசுத்தொகை. இன்னொரு குழுவுக்கு இலவச டிரைவிங் வகுப்பு. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. லைசென்ஸ் வாங்கிய பிறகு, எல்லோரையும் தனியாக ஒரு டெஸ்ட் ஓட்டச் சொன்னார்கள்.

அவசரம் இருந்த குழு சீக்கிரம் லைசென்ஸ் வாங்கிவிட்டது. ஆனால் அதில் பலருக்கு வண்டி ஓட்டவே தெரியவில்லை. சட்டத்துக்குப் புறம்பான கூடுதல் பணம் முழுக்க ஏஜெண்ட் வழியாகவே போயிருந்தது, நேரடியாக அதிகாரி கைக்கு அல்ல. நம்ம ஊர் வழக்கம்தானே என்று தோன்றும். ஆனால் இதன் அர்த்தம் பெரிது. 'லஞ்சம் என்பது என் பாக்கெட்டிலிருந்து அவர் பாக்கெட்டுக்குப் போகும் காசு, மற்றபடி சமூகத்துக்கு நஷ்டமில்லை' என்று சொல்லும் ஒரு வாதம் பொருளியலில் ரொம்ப நாளாக உண்டு. சக்கரத்துக்குப் போடும் எண்ணெய் என்பார்கள். இந்த ஆய்வு அந்த வாதத்தை ரோட்டிலேயே வைத்து உடைத்தது. எண்ணெய் போட்டதில் ஓட்டத் தெரியாதவர் ஸ்டியரிங் பிடித்தார்.

அதே ஆய்வில் இன்னொரு துணைச் சோதனை. ஏஜெண்ட்களிடம் போய் "டெஸ்ட் இல்லாமல் முடியுமா?", "இந்த ஊர் முகவரி ஆவணம் இல்லாமல் முடியுமா?" என்று விசாரித்தார்கள். டெஸ்டைத் தாண்டிவிடலாம் என்றார்கள். முகவரி ஆவணம் இல்லாமல் முடியாது என்றார்கள். அதிகாரியின் பார்வைக்கு, தீர்ப்புக்கு விடப்பட்ட இடத்தை ஏஜெண்டால் வளைக்க முடிகிறது. காகிதத்தில் இறுகிப்போன நிபந்தனையை வளைக்க முடிவதில்லை.

இது மும்பைத் தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் இடம் சாதிச் சான்று. ஆசையைக் காட்டிப் பணம் வாங்குவது இங்கே எளிது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதி என்றால் மகாராஷ்டிராவிலும் அதே உரிமை தானாகக் கிடைத்துவிடாது. 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்மானித்தது. வழக்கு பிறந்த இடமே மும்பைதான், பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் சீட். 1994-ல் மகாராஷ்டிராவில் குடியேறியவர்களின் சாதிச் சான்றுக்காகவே ஒரு நடவடிக்கைக் குழு போட்ட வழக்கிலும் அதே முடிவு. பட்டியல் சாதியினருக்கான கெடு 10 ஆகஸ்ட் 1950. அந்தத் தேதியில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வாழ்ந்ததோ, அந்த மாநிலத்தின் பட்டியல்தான் செல்லும். தாராவிக்குத் தாத்தா 1955-ல் வந்தார் என்றால், பேரன் மூன்றாவது தலைமுறை மும்பைக்காரனாக இருந்தாலும் மாநில அரசின் ஒதுக்கீடு அவனுக்கு இல்லை. இது நியாயமா என்பது தனிக் கேள்வி. என்னைக் கேட்டால், ஊரில் போய் ஒரு நாள்கூடப் படிக்காத பிள்ளையை 'உன் ஊருக்குப் போய்க் கேள்' என்பதில் நியாயம் குறைவுதான். ஆனால் இன்றைய சட்டம் இது.

ஆகவே, "எப்படியாவது எடுத்துத் தர்றேன்" என்று ஒருவர் பெரிய தொகை கேட்டால் அவர் விற்பது என்ன என்று யோசிக்க வேண்டும். சான்று கைக்கு வந்தாலும் கதை முடியாது. மகாராஷ்டிராவில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி தனியாக ஒரு ஆய்வுக் குழு அதைச் சரிபார்த்து செல்லுபடிச் சான்று தரவேண்டும். போலி என்று அங்கே தெரிந்தால் சீட்டும் போகும், வேலையும் போகும், வழக்கும் வரும்.

சட்டப்படியே ஒரு வழியும் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் 1982-ம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, அப்பாவுக்குச் சொந்த மாநில அதிகாரி கொடுத்த சான்று இருந்தால், பிள்ளைக்கு இப்போது வாழும் மாநிலத்திலேயே குடியேறியவருக்கான சான்று வழங்கலாம். அது மகாராஷ்டிராவின் ஒதுக்கீட்டுக்கு உதவாது, மத்திய அரசு வேலை மற்றும் கல்வி நிறுவனங்களுக்கு உதவும். அதாவது திருநெல்வேலியில் அப்பாவின் பெயரில் ஒழுங்கான ஒரு சான்று எடுத்து வைத்திருப்பது, இங்கே யாருக்கும் கொடுக்கும் எந்தத் தொகையையும் விடப் பெரிய மதிப்புள்ள விஷயம்.

லஞ்சமா, மனுவா: எது வேகம்?

நேர் வழியில் போனால் வேலை நடக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. லியோனிட் பெய்சாகின், பால் பின்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் டெல்லிக் குடிசைப் பகுதிகளில் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். ரேஷன் கார்டுக்கு விண்ணப்பித்த 80-க்கும் மேற்பட்டவர்கள், நான்கு வழிகள். சிலர் வெறுமனே விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள். சிலர் ஒரு தொண்டு நிறுவனத்தின் சிபாரிசுக் கடிதத்தோடு போனார்கள். சிலர் விண்ணப்பம் போட்ட பிறகு, 'என் மனு எந்த நிலையில் இருக்கிறது' என்று ஆர்டிஐ போட்டார்கள். சிலர் லஞ்சம் கொடுத்தார்கள்.

லஞ்சம் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது, சுமார் மூன்று மாதத்தில். ஆர்டிஐ போட்டவர்களுக்குச் சுமார் நான்கு மாதம். மற்ற இரு குழுக்களிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடம் நெருங்கும்வரை கார்டு வரவில்லை. சிபாரிசுக் கடிதத்துக்கும் சும்மா காத்திருப்பதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் சமூகச் சங்கங்களும் கட்சிக் கிளைகளும் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்கும் கடிதங்களின் கதி இதுதானோ என்று தோன்றுகிறது.

ஆர்டிஐ ஏன் வேலை செய்தது? பத்து ரூபாய் மனு ஒன்று அதிகாரியை மிரட்டிவிடாது. விஷயம் வேறு. 'என் விண்ணப்பம் எந்தெந்த அதிகாரியிடம் எத்தனை நாள் இருந்தது' என்ற கேள்விக்கு 30 நாளில் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். யாருடைய மேசையில் கோப்பு தூங்கியது என்பது பதிவாகிவிடும். பதில் தராவிட்டால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம், துறையின் கணக்கிலிருந்து அல்ல, அந்த அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து. முகம் தெரியாத 'ஆபீஸ்' என்பதை, பெயருள்ள ஒரு ஆளாக அது மாற்றுகிறது. பதில் எழுதுவதைவிடக் கார்டைக் கொடுத்து அனுப்புவது அவருக்கு எளிது.

சின்ன ஆய்வுதான், ஒரு நகரம், ஒரு சேவை. ஆர்டிஐ புதிதாக இருந்த காலமும்கூட. அதை ஒப்புக்கொண்டாலும் 'காசில்லாமல் ஒன்றும் நடக்காது' என்ற நம் பொது ஞானத்தை இது அசைக்கவே செய்கிறது. இரண்டு வழிக்கும் நடுவில் இருந்தது ஒரு மாத வித்தியாசம். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த ஒரு மாதத்தை.

மகாராஷ்டிராச் சட்டம் கையில் தருவது

சேவை உரிமைச் சட்டத்தில் மத்தியப் பிரதேசம்தான் முன்னோடி, 2010-ல். தேசிய அளவில் இதே மாதிரி ஒரு மசோதா 2011 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, 2014-ல் அந்த அவையோடு காலாவதியானது. மகாராஷ்டிரா 2015-ல் இயற்றியது. 2025 முடியும்வரை தமிழ்நாட்டில் இப்படி ஒரு சட்டம் நிறைவேறவில்லை, ஆக இந்த ஒரு விஷயத்தில் அம்பர்நாத் தமிழர் கையில் ஆம்பூர் தமிழரைவிட ஒரு கருவி கூடுதல்.

அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு சேவைக்கும் கெடு உண்டு, வருமானச் சான்றுக்கு 15 நாள். யார் பொறுப்பு அதிகாரி, மேல்முறையீடு யாரிடம் என்று அலுவலகத்தில் பலகை வைக்க வேண்டும். கெடு தாண்டினாலோ காரணமின்றி மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, இரண்டும் அதே துறைக்குள். மூன்றாவதாக மாநில சேவை உரிமை ஆணையம். தானே மாவட்டத்துக்குக் கொங்கண் மண்டல ஆணையர். சரியான காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு 500 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

5,000 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள் என்று சிரிக்கத் தோன்றும். தொகை சின்னதுதான். கர்நாடகாவின் 'சகாலா' சட்டத்தில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், விண்ணப்பித்தவருக்கே இழப்பீடாகப் போகிறது. அதுவும் பெரிய தொகை இல்லை. ஆனால் டெல்லி ஆய்வு காட்டியது போல வலிக்கும் இடம் ரூபாய் அல்ல, பதிவு.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. கடிகாரம் ஓடத் தொடங்குவது முழுமையான விண்ணப்பம் பதிவான பிறகுதான். "ஒரு காகிதம் குறையுது, நாளைக்கு வாங்க" என்று கவுண்டரிலேயே வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் கெடுவே தொடங்காது. அதனால்தான் 'ஆப்ளே சர்க்கார்' இணையதளத்தில் போட்டுத் தனி விண்ணப்ப எண்ணைக் கையில் வாங்குவது முக்கியம். எண் இருந்தால் மேல்முறையீடு உண்டு. ஏஜெண்ட் உங்கள் பெயரில், அவருடைய மொபைல் நம்பரில் விண்ணப்பித்திருந்தால்? எண் அவரிடம், எஸ்எம்எஸ் அவருக்கு. விண்ணப்பம் ஒரே வாரத்தில் தயாராகியிருந்தாலும், "இன்னும் கொஞ்சம் செலவாகும்" என்று அவர் சொல்வதை நம்புவதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை.

காசு ஏன் மேலே ஏறுகிறது

இதுவரை பார்த்தது கவுண்டர். கவுண்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று காட்டியவர் ராபர்ட் வேட். 1970-களின் இறுதியில் தென்னிந்தியாவின் ஒரு மாநிலத்தில் கால்வாய்ப் பாசனத்தை ஆராய்ந்து, 1982-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. விவசாயிகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் பொறியாளர்கள் பணம் வசூலித்தார்கள். பேராசை மட்டும் அதற்குக் காரணமல்ல. அந்த இடத்துக்கு மாறுதல் வாங்க அவர்களே பெரிய தொகை கொடுத்திருந்தார்கள். அதைத் திரும்ப எடுக்க வேண்டும், அடுத்த இடத்துக்கும் சேர்க்க வேண்டும். மாறுதலுக்கு ஒரு சந்தையே இருந்தது, அந்தச் சந்தையின் மேல் நுனியில் அரசியல்வாதி இருந்தார்.

இதைப் படித்தால் கவுண்டரில் இருப்பவர்மேல் வரும் கோபம் கொஞ்சம் இடம் மாறும். நேர்மையான அதிகாரி வந்தாலும் வசூலிக்காவிட்டால் அந்த இடத்தில் நீடிக்க முடியாது என்ற ஏற்பாடு அது. சட்டம் விதிக்கும் 5,000 ரூபாய் அபராதம், இந்தச் சந்தையில் ஒரு சின்ன செலவுக் கணக்கு.

அப்படியானால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால்? ஜெனிஃபர் புஸ்ஸல் 2012-ல் எழுதிய நூல் இந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது. கணினிமயமான ஒற்றைச் சாளர மையங்களைச் சில இந்திய மாநிலங்கள் சீக்கிரம் திறந்தன, சில இழுத்தடித்தன. தொழில்நுட்பமோ பட்ஜெட்டோ மட்டும் இதை விளக்கவில்லை என்கிறார் அவர். சில்லறை லஞ்சத்தில் எவ்வளவு வருமானம் போகும் என்று ஆளும் அரசியல்வாதிகள் போட்ட கணக்கும் அதில் இருந்தது.

மேலிருந்து வரும் தணிக்கைக்கு மதிப்பு உண்டா? இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமச் சாலைத் திட்டங்களில் பெஞ்சமின் ஓல்கன் செய்த சோதனை 2007-ல் வெளியானது. 'உங்கள் சாலைக்குத் தணிக்கை நிச்சயம் வரும்' என்று முன்கூட்டியே சொன்ன கிராமங்களில், காணாமல் போகும் செலவு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மக்களை அதிகமாகக் கூட்டத்துக்கு அழைத்ததால் அந்த அளவு பலன் இல்லை. (தணிக்கை வந்த ஊர்களில், திருட முடியாதவர்கள் சொந்தக்காரர்களுக்கு அந்த வேலையில் கூலி வாங்கிக் கொடுத்தார்கள் என்பது அதே ஆய்வில் வரும் துணுக்கு.) பாலின் நம்பிக்கைக்கு இது ஒரு கடிவாளம். ஒரு சான்றிதழ் எனக்குக் கிடைக்கவில்லை என்றால் எனக்குத் தெரியும், குரல் கொடுக்கலாம். ரோட்டில் எத்தனை இன்ச் ஜல்லி போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே தோண்டிப் பார்க்கும் தணிக்கையாளர்தான் வேண்டும். நிர்வாகி ஆட்சியில் ஐந்து வருடம் போடப்பட்ட நகராட்சிச் சாலைகள் இரண்டாவது வகை.

இப்போது எது கைநழுவுகிறது

ஆர்டிஐ லஞ்சத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான வேகம் என்று காட்டிய டெல்லி ஆய்வுக்குப் பிறகு அந்தச் சட்டமே மெலிந்துகொண்டு வருகிறது. மகாராஷ்டிராத் தகவல் ஆணையத்தில் தேங்கிய மேல்முறையீடுகளும் புகார்களும் ஒரு லட்சத்தைத் தாண்டியதாகச் சதர்க் நாக்ரிக் சங்கடன் அமைப்பின் அறிக்கைகள் காட்டின. நாட்டிலேயே அதிகம். அண்ணா ஹசாரே போராட்டத்தால் மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 2002-ல், சொந்த தகவல் உரிமைச் சட்டம் கண்ட மாநிலத்தின் நிலை இது. 2010 ஜனவரியில் தளேகாவில் ஆர்டிஐ ஆர்வலர் சதீஷ் ஷெட்டி வெட்டிக் கொல்லப்பட்டதையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது.

2025 நவம்பரில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக ஆர்டிஐ-யின் 8(1)(ஜே) பிரிவு மாறியது. முன்பு, தனிநபர் தகவலாக இருந்தாலும் பொது நடவடிக்கையோடு தொடர்பிருந்தால் கொடுக்க வேண்டும். இப்போது 'தனிநபர் தகவல்' என்ற இரண்டு சொற்களே மறுக்கப் போதும். பொதுநலன் பெரிதென்றால் வழங்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது, ஆனால் அதை நிறுவும் சுமை மனுதாரர் தலையில்தான் விழும். 'என் கோப்பு எந்த அதிகாரியிடம் தூங்கியது' என்ற கேள்விக்கு, அதிகாரியின் பெயர் தனிநபர் தகவல் என்று ஒரு அலுவலகம் பதில் எழுதினால்? பெய்சாகின் ஆய்வில் வேலை செய்த பொறியே அந்தப் பெயர்தான்.

லஞ்சம் கொடுப்பவரின் நிலையும் 2018-ல் மாறிவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி கொடுப்பதும் தனிக் குற்றம், ஏழு வருடம்வரை சிறை. இன்னொருவர் மூலமாகக் கொடுத்தாலும் குற்றம்தான், ஏஜெண்ட் நடுவில் இருப்பது உங்களைக் காப்பாற்றாது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புப் பிரிவிடம் சொல்லிவிட்டு, பொறிவைக்க உதவினால் குற்றமில்லை. மகாராஷ்டிராவில் அதற்கான எண் 1064.

ஆர்டிஐ போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மகாராஷ்டிரா விதிகளின்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 வார்த்தைக்குள். விண்ணப்ப எண், பதிவான தேதி, சட்டம் சொன்ன கெடு, இன்றுவரை அது யார் யாரிடம் எந்தத் தேதியில் இருந்தது என்ற கேள்வி. இவ்வளவுதான் எழுத வேண்டியது, 150 வார்த்தையில் பாதிகூடத் தேவைப்படாது. மராத்தி எழுத வராவிட்டால் ஆங்கிலத்திலேயே போடலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது.